சென்னிமலைக்கு எத்தனை எல்லைகள்?

சென்னிமலையில் வசிக்கும் ஒருவர் பட்டா மாறுதலுக்குப் பெருந்துறை வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். ஆட்சியரிடம் மனு கொடுக்க ஈரோட்டுக்குச் செல்ல வேண்டும். அவருடைய சட்டப்பேரவை உறுப்பினரோ காங்கயம் தொகுதிக்காரர்; காங்கயம் இருப்பது திருப்பூர் மாவட்டத்தில். அவருடைய மக்களவை உறுப்பினர் ஈரோடு தொகுதியின் பிரதிநிதி. ஆனால், அவர் அன்றாடம் போய்வரும் வட்டத் தலைநகரான பெருந்துறை, ஈரோடு மக்களவைத் தொகுதியில் இல்லை; அது திருப்பூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. ஈரோடு மாவட்டத்துக்காரர் திருப்பூர் மாவட்டத்தின் பேரவைத் தொகுதியில் வாக்களிக்கிறார். பக்கத்திலுள்ள ஊத்துக்குளிக்காரரோ திருப்பூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு, ஈரோடு மாவட்டத்தின் பெருந்துறைத் தொகுதியில் வாக்களிக்கிறார்.

இதை அதிகாரிகளின் அலட்சியம் என்றோ அரசியல் சூழ்ச்சி என்றோ சொல்லிவிடுவது எளிது. எங்கள் பகுதித் தேநீர்க் கடைகளில் இரண்டு விளக்கங்களும் தாராளமாகக் கிடைக்கும். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு மூன்றாவதாக ஒரு விளக்கம் உண்டு: இது பெரும்பாலும் வகுத்தல் கணக்கின் விளைவு. அந்தக் கணக்கு மீண்டும் ஒருமுறை போடப்படவிருக்கும் காலத்தில், முந்தைய முறை அது எப்படிப் போடப்பட்டது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தொகுதி மறுவரையறை என்றாலே இப்போது நம் காதில் விழுவது ஒரே கேள்விதான்: தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள் நீடிக்குமா, குறையுமா? அது நியாயமான கேள்வி. 1962 தேர்தலில் 41 இடங்களைப் பெற்றிருந்த மாநிலம் 1967-இல் 39-க்கு இறங்கியது. 1976-இல் 42-ஆவது அரசமைப்புத் திருத்தம் மாநிலங்களுக்கான இட எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் உறைய வைத்தது. 84-ஆவது திருத்தம் அந்த உறைநிலையை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அந்தக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டுள்ளது. மாநிலத்தின் பங்கு பற்றிய விவாதம் நாடாளுமன்றத்தில் நடக்கட்டும். மாநிலத்துக்குள் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது பற்றிய விவாதம் ஏறக்குறைய நடக்கவே இல்லை. கிராமத்தில் வாழ்பவருக்கு இரண்டாவதுதான் அன்றாடம் உறைக்கும்.

இட எண்ணிக்கையை மாற்றாமல் எல்லைகளை மட்டும் திருத்தலாம் என்பதே சென்ற முறை செய்யப்பட்ட ஏற்பாடு. 2002-ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைச் சட்டத்தின்படி, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் அமைந்தது. முதலில் 1991 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொள்வதாக இருந்தது. 2003-இல் 87-ஆவது திருத்தம் அதை 2001 என மாற்றியது. ஆணையத்தின் இறுதி முடிவு 2008 பிப்ரவரி 19 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு புதிய எல்லைகளுடன் முதன்முதலில் வாக்களித்தது 2009 மே மாதத்தில்.

இனி கணக்குக்கு வருவோம். 2001-இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சம். அதை 39-ஆல் வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சுமார் 16 லட்சம் பேர். 234-ஆல் வகுத்தால் ஒரு பேரவைத் தொகுதிக்குச் சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். ஒரு மக்களவைத் தொகுதிக்குள் சரியாக ஆறு பேரவைத் தொகுதிகள். பேரவைத் தொகுதி எதுவும் இரண்டு மக்களவைத் தொகுதிகளில் பிளவுபடக் கூடாது என்கிறது சட்டம். பேரவைத் தொகுதி மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பதையும் ஆணையம் நெறியாகக் கொண்டது. மக்களவைத் தொகுதி மாவட்ட எல்லையைத் தாண்டலாம்.

அன்றைய கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை 42.7 லட்சம். பேரவைச் சராசரியால் வகுத்தால் 16 இடங்கள். அன்றைய ஈரோடு மாவட்டத்தில் 25.8 லட்சம் பேர், வகுத்தால் 9.7, முழுமையாக்கினால் 10. நீலகிரியில் 7.6 லட்சம் பேர், 3 இடங்கள். மூன்றையும் கூட்டினால் 29. ஐந்து மக்களவைத் தொகுதிகளுக்கு 30 பேரவைத் தொகுதிகள் தேவை. ஒன்று குறைகிறது.

அந்த ஒன்று காவிரியைத் தாண்டி நாமக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது: குமாரபாளையம். இனி நீலகிரியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அங்குள்ள மூன்றுடன் மேலும் மூன்று சேர வேண்டும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையமும் அவிநாசியும் ஈரோட்டிலிருந்து பவானிசாகரும் மலையேறின. கோவையில் எஞ்சியவை 14. அவற்றில் ஆறு கோவைக்கு, ஆறு பொள்ளாச்சிக்கு. மிஞ்சியவை இரண்டு: திருப்பூர் வடக்கு, திருப்பூர் தெற்கு. அந்த இரண்டும் தனித் தொகுதியாக முடியாது. ஆகவே, ஈரோடு மாவட்டத்திலிருந்து பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம் ஆகிய நான்கும் சேர்க்கப்பட்டு, ‘திருப்பூர்’ என்று பெயரிடப்பட்டது. ஈரோட்டில் மிச்சம் ஐந்து: ஈரோடு கிழக்கு, ஈரோடு மேற்கு, மொடக்குறிச்சி, காங்கயம், தாராபுரம். குமாரபாளையத்துடன் ஆறு. இப்படித்தான் ஈரோடு மக்களவைத் தொகுதி உருவானது.

புதிய தொகுதிகள் என்று பெயரளவில் சொல்கிறோம். 1952-இல் நடந்த முதல் தேர்தலிலேயே ஈரோடு, திருப்பூர் என்ற பெயர்களில் மக்களவைத் தொகுதிகள் இருந்தன, கல்வியாளர் தி.சு.அவிநாசிலிங்கம் திருப்பூரிலிருந்துதான் மக்களவைக்குச் சென்றார். இடையில் மறைந்த பெயர்கள் 2008-இல் திரும்பி வந்தன. அவற்றுக்கு இடம்விட்டு மறைந்தவை கோபிசெட்டிபாளையம், திருச்செங்கோடு, பழனி ஆகிய தொகுதிகள். இதில் கோபிசெட்டிபாளையத்தின் கதை விசித்திரமானது. பழைய தொகுதியின் ஆறு பேரவைத் தொகுதிகளில் நான்கின் பெயர்கள் அப்படியே இன்றைய திருப்பூர் மக்களவைத் தொகுதியில் உள்ளன. சத்தியமங்கலம் என்ற பேரவைத் தொகுதி நீக்கப்பட்டுப் பவானிசாகருடன் கலந்து நீலகிரிக்குப் போனது. எனவே, திருப்பூர் மக்களவைத் தொகுதி என்பது பழைய கோபித் தொகுதியின் பெரும்பகுதியில் ஒரு நகரத்தை ஒட்டவைத்தது என்றே சொல்லலாம். பர்கூர் மலையின் கர்நாடக எல்லையில் மாடு மேய்ப்பவரும் திருப்பூரின் பனியன் நிறுவன உரிமையாளரும் ஒரே தொகுதிக்காரர்கள். கோபியின் மக்களவை உறுப்பினராக இருந்த ஈ.வெ.கி.ச.இளங்கோவன் 2009-இல் புதிய ஈரோடு தொகுதியில் போட்டியிட்டு, மதிமுகவின் அ.கணேசமூர்த்தியிடம் தோற்றார். அப்படியே திரும்பப் போட்டியிட அவருக்குப் பழைய தொகுதி என்று ஒன்று இருக்கவில்லை.

இதுவரை கணக்கில் குறையில்லை. குழப்பம் வந்தது பிறகு. ஆணையத்தின் முடிவு நடைமுறைக்கு வந்து ஓராண்டும் மூன்று நாள்களும் கழித்து, 2009 பிப்ரவரி 22 அன்று, திருப்பூர் மாவட்டம் உதயமானது. கோவையிலிருந்து திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலை வட்டங்களும் ஈரோட்டிலிருந்து தாராபுரம், காங்கயம் வட்டங்களும் பெருந்துறை வட்டத்தின் ஊத்துக்குளி, குன்னத்தூர் பகுதிகளும் புதிய மாவட்டத்துக்குச் சென்றன. பேரவைத் தொகுதி மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்று ஆணையம் கவனமாக வரைந்த கோடுகளின் குறுக்கே வேறொரு துறை வேறொரு கோட்டைப் போட்டது. ஆணையம் வரைந்த நாளில் சென்னிமலை, காங்கயம், பெருந்துறை, ஊத்துக்குளி எல்லாமே ஒரே மாவட்டம். அதனால் சென்னிமலையைக் காங்கயத்தோடு சேர்த்ததில் யாருக்கும் வியப்பு ஏற்படவில்லை. மறு ஆண்டே அது ‘மாவட்டம் தாண்டிய’ ஊராகிவிட்டது.

விளைவைத் திருப்பூர் மாவட்டத்தில் தெளிவாகப் பார்க்கலாம். அம்மாவட்டத்தின் எட்டுப் பேரவைத் தொகுதிகள் ஐந்து மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. தாராபுரமும் காங்கயமும் ஈரோட்டில், அவிநாசி நீலகிரியில், பல்லடம் கோவையில், உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில், திருப்பூரின் இரண்டு மட்டும் திருப்பூரில். மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழு என்று ஒன்று உண்டு. மத்திய அரசுத் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்று கேள்வி கேட்கும் மன்றம் அது. மக்களவை உறுப்பினர்தான் தலைமை தாங்க வேண்டும். ஒரே மாவட்டத்துக்கு ஐந்து உறுப்பினர்கள் இருந்தால், மூத்தவர் தலைவர், மற்றவர்கள் இணைத் தலைவர்கள். ஐவருக்கும் இந்த மாவட்டம் அவரவர் தொகுதியின் ஓர் ஓரம். ஓரத்து ஊர்க்காரர் கேட்கும் சாலையும் தண்ணீர்த் தொட்டியும் எந்த வரிசையில் நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆறு பேரவைத் தொகுதிகளுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடிகூட வராது. தொகை சிறியதுதான். ஆனால், பல மாவட்டங்களில் பரவிய தொகுதியில், தலைமை மாவட்டம் ஒன்றின் வழியே மற்ற மாவட்டத்தின் பணிகளுக்கு ஒப்புதல் வாங்குவதில் ஆகும் அலைச்சல் சிறியதன்று.

மாவட்ட எல்லையைத் தாண்டுவதெல்லாம் தவறு என்று நான் கருதவில்லை. குமாரபாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேரவைத் தொகுதியில் உள்ள பள்ளிபாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே காவிரிப் பாலம் மட்டுமே உண்டு. அக்கரையில் விசைத்தறியில் நெய்த துணி இக்கரையில் ஈரோட்டுச் சந்தையில் விற்கிறது. ஆட்சியர் நாமக்கல்லில் இருக்கிறார் என்பதற்காக அந்த உறவு இல்லாமல் போய்விடாது. சட்டத்தின் 9-ஆவது பிரிவு, தொகுதி முடிந்தவரை நிலவியல் நெருக்கம் உடையதாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று சொல்கிறது. பொருளாதார உறவு என்ற சொல் அதில் இல்லை. ‘மக்களின் வசதி’ என்பதற்குள் அதையும் அடக்கலாம் என்பது என் வாதம். சென்னிமலையின் கைத்தறிப் போர்வைக்கும் படுக்கை விரிப்புக்கும் சந்தை ஈரோடு. அந்த வகையில் சென்னிமலையை ஈரோட்டுத் தொகுதியில் வைத்தது பொருந்தும். பெருந்துறையை அதிலிருந்து பிரித்ததுதான் பொருந்தவில்லை. (திருப்பூருடன் எங்கள் ஊருக்குப் பழைய உறவு ஒன்று இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை: திருப்பூரில் கொடி காத்து 1932-இல் உயிர்நீத்த குமரன் பிறந்தது சென்னிமலையில்.)

தண்ணீர் விஷயத்தில் இந்தக் கோடுகளின் அருமை தெரியும். நொய்யல் வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தொடங்குகிறது. அந்த இடம் தொண்டாமுத்தூர் பேரவைத் தொகுதி. அது கோவையில் அல்ல, பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. பிறகு ஆறு கோவை, திருப்பூர், ஈரோடு தொகுதிகளைக் கடந்து, கரூர் பகுதியில் காவிரியில் கலக்கிறது. ஓர் ஆற்றுக்கு ஐந்து எம்.பி.க்கள். சென்னிமலைக்குத் தெற்கே, 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக் கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. பாசனம் தருவதற்குப் பதிலாகக் கிணறுகளையும் நிலத்தையும் கெடுத்த அணை அது. விவசாயிகள் மக்கள் பிரதிநிதிகளை நம்பிக் காத்திருக்கவில்லை. நொய்யல் பாசன விவசாயிகள் சங்கம் நீதிமன்றம் சென்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்டும் வரை சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது.

இதில் தொகுதி எல்லைக்கு என்ன பங்கு? கழிவு பிறக்கும் இடம் ஒருவருடைய தொகுதி. அது வந்து சேரும் இடம் மற்றொருவருடைய தொகுதி. முதலாமவருக்கு அதைத் தடுப்பதால் வாக்கு இழப்பு. இரண்டாமவருக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. பொருளியலில் ‘புறவிளைவு’ என்று நாங்கள் நடத்தும் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. முழு ஆறும் ஒரே தொகுதியில் இருந்தால் நிலைமை மாறியிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. நகரத்தின் வாக்கும் பணமும் கிராமத்தின் குரலை அமுக்கியிருக்கவும் கூடும். தனித் தொகுதியில் இருப்பதால் காங்கயம், சென்னிமலைப் பகுதி விவசாயிக்குச் சாய ஆலை உரிமையாளர்களின் தயவில் இல்லாத ஓர் உறுப்பினராவது கிடைக்கிறார். ஆகவே, ஆற்றுப்படுகைதான் தொகுதி எல்லையாக வேண்டும் என்று சில சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை.

கீழ்பவானி வாய்க்காலின் நிலை வேறு. பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் தரும் வாய்க்கால் அது. அணை நீலகிரித் தொகுதியில்; வாய்க்காலின் மேல்பகுதி திருப்பூர் தொகுதியில்; கடைப்பகுதியின் பெரும்பங்கு ஈரோடு தொகுதியில். வாய்க்காலில் கான்கிரீட் தளம் அமைக்கும் திட்டம் வந்தபோது, கசிவுநீரால் கிணறு ஊறும் விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை என்ற குறையுள்ளவர்கள் ஆதரித்தார்கள். இது ஒரே பாசனத்தின் இரண்டு நியாயங்கள். இரண்டு தரப்பையும் ஒருசேரக் கேட்டுச் சமரசம் பேச வேண்டிய கட்டாயம் எந்த ஒரு உறுப்பினருக்கும் இல்லாத வகையில் தொகுதிகள் அமைந்திருக்கின்றன. இங்கே ஒரே தொகுதியாக இருந்திருந்தால் பயன் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, அடுத்த கணக்கு எப்படி இருக்கும்? 2027-இன் எண்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால், போக்கை அறிய 2011 கணக்கெடுப்பை வைத்துப் பழைய முறையிலேயே வகுத்துப் பார்த்தேன். 2001-க்கும் 2011-க்கும் இடையே மாநிலத்தின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. திருப்பூர் மாவட்டத்தில் சுமார் 29 சதவீதம், ஈரோட்டில் சுமார் 12 சதவீதம், நீலகிரியில் குறைந்தேவிட்டது. 234 இடங்கள் அப்படியே இருந்தால், பேரவைத் தொகுதிக்கான சராசரி 3 லட்சத்து 8 ஆயிரம். இன்று 8 இடங்கள் உள்ள ஈரோடு மாவட்டத்துக்கு 7.3 கிடைக்கும், அதாவது 7. இன்று 10 உள்ள கோவைக்கு 11. மூன்று உள்ள நீலகிரிக்கு 2.4, அது 2 ஆகலாம். திருப்பூருக்கு 8 நீடிக்கும். நீலகிரிக்குச் சமவெளியிலிருந்து மூன்றுக்குப் பதில் நான்கு சேர வேண்டியிருக்கும். அது எங்கிருந்து வரும் என்று யோசித்தால், மேலே சொன்ன வரிசை முழுவதும் மீண்டும் அசையத் தொடங்கும் என்பது புரியும். மொத்த இடங்கள் கூடினாலும் விகிதங்கள் இவைதாம்.

மாவட்டத்துக்குள்ளும் இதே கதைதான். தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். ஆள் குறையக் குறையத் தொகுதியின் பரப்பு விரிய வேண்டும். உறுப்பினர் சுற்ற வேண்டிய தூரம் கூடும். நகரத் தொகுதி சுருங்கும். இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. அரசமைப்புச் சட்டம் தொகுதியைப் பிரிக்கச் சொல்வது மக்கள்தொகையின் அடிப்படையில், வாக்காளர் எண்ணிக்கையின் அடிப்படையில் அல்ல. திருப்பூரிலும் பெருந்துறை சிப்காட்டிலும் வேலை செய்யும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் கணக்கெடுப்பில் இங்கே எண்ணப்படுவார்கள்; வாக்கு பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கும். அவர்களின் எண்ணிக்கை திருப்பூர் நகரத்தின் தொகுதிப் பங்கைக் கூட்டும். ஆனால், அந்தப் பங்கைப் பயன்படுத்துபவர்கள் அங்கு வாக்குள்ள மற்றவர்கள். மூலனூரில் ஒருவர் போடும் வாக்கின் எடை அதே அளவுக்குக் குறையும். புலம்பெயர் தொழிலாளர்களை எண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை; பள்ளியும் மருத்துவமனையும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் வேண்டும். அவர்கள் இங்கேயே வாக்காளராகப் பதிவுசெய்ய வழி எளிதானால் முரண் தீரும். அது உள்ளூர் அரசியல்வாதிகள் யாரும் விரும்பிப் பேசும் பேச்சன்று.

ஆணையத்தின் இறுதி ஆணையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்கிறது சட்டம். மக்களவை, பேரவை உறுப்பினர்கள் பத்துப் பேர் ஆணையத்தில் இணை உறுப்பினர்களாக அமர்வார்கள். ஆனால், அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. பேசுவதற்கு நமக்கு இருக்கும் ஒரே இடம், வரைவு வெளியான பிறகு நடக்கும் பொது அமர்வுகள்தாம். அங்கே கட்சிகள் வந்து, எந்த ஊர் சேர்ந்தால் எவருக்கு வாக்கு என்ற கணக்கை வேறு காரணங்களால் மூடிப் பேசும். ஊராட்சிகளும் பாசனச் சங்கங்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கிராமவாரியான மக்கள்தொகை, பேருந்துத் தடம், வாய்க்கால் மதகு ஆகிய விவரங்களுடன் போனால், ஆணையம் கேட்க வேண்டிய கட்டாயம் ஏற்படும். ‘எங்கள் ஊரை இங்கே சேர்க்காதீர்கள்’ என்று மட்டும் சொன்னால் பயனில்லை. ஆறு பேரவைத் தொகுதிகளின் கூட்டல் எங்கோ சரியாக வேண்டும். ஓர் ஊரை நீக்கக் கேட்பவர் அதற்கு ஈடாக எந்த ஊர் வர வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மொடக்குறிச்சியில் 1996-இல் 1,033 வேட்பாளர்களை நிறுத்தி, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வைத்த பகுதி இது. எதிர்ப்பைக் காட்ட நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. மாற்று வரைபடம் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கும் பழக்கம்தான் இல்லை.

மாநில அரசு செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. கணக்கெடுப்புக்காக மாவட்ட, வட்ட எல்லைகள் 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு மாற்றப்படக் கூடாது என்று பதிவாளர் நாயகம் மாநிலங்களுக்குத் தெரிவித்திருக்கிறார். கணக்கெடுப்பு முடிந்ததும் அந்தத் தடை விலகும். கோபிசெட்டிபாளையத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. பொள்ளாச்சிக்கும் அதே கோரிக்கை உண்டு. அவற்றை ஏற்பதானால் ஆணையம் கோடு போடும் முன்பே ஏற்றுவிட வேண்டும். இல்லையெனில், 2009-இல் சென்னிமலைக்கும் ஊத்துக்குளிக்கும் நடந்தது இம்முறை நம்பியூருக்கோ ஆனைமலைக்கோ நடக்கும்.